அம்மனுக்கு வைத்த பாக்கு

“சாமிக்கு வைக்கிற பொருள் மனுசனுக்குக் கெடுதல் பண்ணுமா, நர்சம்மா?”

குன்னூர்ப் பக்கம் எஸ்டேட் டிஸ்பென்சரியில் வேலை பார்த்தபோது கொழுந்து பறிக்கும் ஓர் அக்கா இப்படிக் கேட்டார். குளிருக்கு இதமென்று விடிந்ததுமே வாயில் பாக்கை ஒதுக்கிக்கொள்பவர். கன்னத்தின் உட்சவ்வு சிவப்பிழந்து வெளிறிக் கிடந்தது. தொட்டால் நார் நாராக இழுத்துப் பிடித்தது. ரசத்தின் காரம்கூட அவருக்கு எரிந்தது. இரண்டு விரலுக்கு மேல் வாய் திறக்கவில்லை.

பாக்கிலுள்ள அரிகோலின் என்ற வேதிப்பொருள் சளிச்சவ்வுக்கு அடியில் நார்த்திசுவைப் பெருக்கிவிடுகிறது. கிழக்கு ஆப்பிரிக்காவில் வாழ்ந்த இந்தியப் பெண்களிடம் கண்டு 1952-இல் வாய் இப்படி இறுகும் இந்நோயை விவரித்தார்கள். சிலருக்கு இது புற்றுநோயாகவும் மாறும். புகையிலை சேராத வெறும் பாக்கையே உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் புற்றுநோய்க் காரணிகளில் சேர்த்தது.

அம்மன் பாக்கை மெல்லுவதில்லை. நாம் தரும் மரியாதையைத்தான் ஏற்கிறாள். உடம்புக்கென்று ஒரு நியதி உண்டு. அதை வைத்தவளும் அவள்தானே? படைத்த பொருள் என்பதற்காக அந்த நியதி மாறாது. எஸ்டேட் லயன் வீடுகளில் சிலர் இந்நோயைச் சாமி குத்தம், முன்வினை என்கிறார்கள். வலியோடு வந்தவர் தலையில் பழியையும் ஏற்றுவது பக்தியே அல்ல.

தாம்பூலம் வையுங்கள், மெல்லாதீர்கள். மூன்று விரல்களைச் சேர்த்துச் செங்குத்தாக வாயில் வைத்துப் பாருங்கள். நுழையவில்லையென்றால் உடனே அரசு மருத்துவமனைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.