கடனும் நாணயமும்

‘நாணயம்’ என்னும் சொல்லுக்குத் தமிழில் இரு பொருள் உண்டு. கையிலே புழங்கும் காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத நேர்மையும் நாணயம். ‘கடன்’ என்னும் சொல்லும் அத்தகையதே. பிறரிடம் வாங்கிய பொருளும் கடன். செய்து முடிக்க வேண்டிய கடமையும் கடன். பொருளும் பண்பும் இவ்வாறு ஒரே சொல்லுக்குள் அருகருகே குடியிருக்கின்றன. அருகருகே இருப்பதனால் இரண்டும் ஒன்றாகிவிடுமா? கையில் காசில்லாமற் போனவரெல்லாம் நேர்மையும் இல்லாதவர்தாமா? இக்கேள்வி ஏட்டளவில் நிற்பதன்று. இன்று ஒரு கைபேசி வாங்கப் போகிறவரின் முன்னேயும் அது வந்து நிற்கிறது.

பிரிட்டனில் வாழும் ஒருவரை எண்ணிப் பார்ப்போம். பண்டகசாலை ஒன்றில் வேலை பார்த்தவர்; நோய்வாய்ப்பட்டுச் சில மாதங்கள் படுத்துவிட்டார். அக்காலத்தில் கடனட்டைத் தவணைகள் நிலுவையாயின. உடல் தேறியதும் வேலைக்குத் திரும்பி, நிலுவை முழுவதையும் அடைத்துவிட்டார். ஈராண்டு கழித்து, மாதத் தவணையில் ஒரு கைபேசி பெறலாமென்று கடைக்குச் செல்கிறார். பெயரும் முகவரியும் பிறந்த தேதியும் கணிப்பொறியில் பதியப்படுகின்றன. சிறிது நேரத்தில் விடை வருகிறது: ஏற்பதற்கில்லை. ஏனென்று அவருக்கும் விளங்கவில்லை. கடையில் நிற்கும் பணியாளருக்கும் விளங்கவில்லை. பின்னால் நிற்போர் பார்த்திருக்க, அவர் தலை குனிந்து வெளியேறுகிறார்.

ஒரு கைபேசிக்காகவா இத்தனை வருத்தம் என்று சிலர் கேட்கலாம். முன்பணம் கட்டிப் பேசும் வழி அவருக்குத் திறந்தே இருக்கிறது. உலகத் தொடர்பு அற்றுவிடப் போவதில்லை. ஆயினும் அவரைச் சுட்டது கைபேசி கிட்டாமற் போனது மட்டுமன்று. ‘உம்மை நம்புவதற்கில்லை’ என்று முகமறியா ஒன்று தீர்ப்புக் கூறிவிட்டதே, அதுதான் அவரைச் சுட்டது.

வணிகரின் நியாயத்தையும் நாம் கேட்க வேண்டும். விலையுயர்ந்த கருவியை இன்றே கொடுத்துவிட்டு, அதன் விலையை 24 மாதங்களிலோ 36 மாதங்களிலோ சிறிது சிறிதாகப் பெற்றுக்கொள்கிறார் அவர். அந்நிலையில் அவர் வெறும் வணிகர் அல்லர். கடன் கொடுத்தவரும் ஆவார். கருவியைப் பெற்று, அதை விற்றுவிட்டு மறைந்து போவோரும் உலகில் உண்டு. எனவே, கொடுப்பதற்கு முன் விசாரிக்கிறார். அந்நாட்டில் எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், டிரான்ஸ்யூனியன் என மூன்று பெரிய நிறுவனங்கள் மக்களின் கொடுக்கல் வாங்கலைப் பதிந்து வைத்திருக்கின்றன. எல்லோரையும் விலக்கி வைக்கும் கறுப்புப் பட்டியல் ஒன்று எங்கோ இருப்பதாகப் பலர் எண்ணுவது தவறு. அந்நிறுவனங்கள் பதிவைத்தான் தருகின்றன. கொடுப்பதும் மறுப்பதும் விற்பவர் தம் அளவுகோலின்படி செய்யும் முடிவு. ஆகவேதான் ஒரு கடையில் மறுக்கப்பட்டவர் மற்றொரு கடையில் ஏற்கப்படுவதும் உண்டு.

கடனை எழுதி வைப்பது இழிவான செயலன்று. திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடனை எழுதிக்கொள்ளுமாறு பணிக்கும் வசனமே. எழுத்து இருதரப்புக்கும் காவல். ஆனால் அதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்னே, கடன்பட்டவர் நெருக்கடியில் இருப்பாராயின் வசதி வரும்வரை அவகாசம் தருமாறும், விட்டுக்கொடுப்பது மேலும் சிறந்ததென்றும் சொல்லப்பட்டிருக்கிறது. எழுத்தும் இரக்கமும் அருகருகே இடம் பெற்றிருப்பது நம் சிந்தனைக்கு உரியது. எழுத வேண்டும் என்பதை நன்கு கற்றுக்கொண்ட இக்காலம், எழுதப்பட்டவரின் நெருக்கடியைக் கேட்க வேண்டும் என்பதை அவ்வளவு கற்றுக்கொண்டதா?

இங்கிலாந்தில் கடன்பட்டோரைச் சிறையில் அடைத்த காலமும் இருந்தது. 1824-இல், நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை, ரொட்டிக்காரர் ஒருவருக்குத் தரவேண்டிய 40 பவுன் 10 ஷில்லிங்குக்காக லண்டன் மார்ஷல்சீ சிறைக்கு அனுப்பப்பட்டார். அந்நாட்களில் 12 வயதுச் சிறுவனாயிருந்த சார்லஸ், காலணிக் கருமை செய்யும் பட்டறையில் வேலை பார்க்க நேர்ந்தது. உள்ளே அடைபட்டவர் சம்பாதித்துக் கடனை அடைப்பது எங்ஙனம் என்று அன்றைய சட்டம் எண்ணவில்லை. 1869-ஆம் ஆண்டுச் சட்டமே அவ்வழக்கத்தைப் பெரும்பாலும் ஒழித்தது. அந்தக் கொடுமையோடு ஒப்பிட்டால் இன்றைய பதிவேடு எவ்வளவோ மென்மையானது, ஐயமில்லை.

இருந்தும், அதில் ஒரு குறை உண்டு. ‘கட்டவில்லை’ என்பது அதற்குத் தெரியும். ‘ஏன் கட்டவில்லை’ என்பது தெரியாது. வஞ்சித்து ஓடியவரும், நோயில் விழுந்தவரும், கணவனை இழந்து திகைத்து நின்ற பெண்ணும் அங்கே ஒரே வரியாகிவிடுகின்றனர். இன்னொரு விந்தையும் உண்டு. கடனே வாங்காமல் வாழ்ந்தவரையும், வெளிநாட்டிலிருந்து அண்மையில் வந்து குடியேறியவரையும் அந்த ஏடு அறியாது. அறியாததால் அவர்களும் மறுக்கப்படலாம். கடனுக்கு அஞ்சி வாழ்வதே நாணயம் என்று வளர்க்கப்பட்ட நமக்கு இது வியப்பளிக்கும். ஆக, அந்த எண்ணிக்கை அளப்பது ஒருவரின் நேர்மையை அன்று. பணம் திரும்பி வரும் வாய்ப்பை மட்டுமே. வணிகருக்கு அது போதும். ஆனால் மறுக்கப்பட்டவரும் அவரைச் சூழ்ந்தோரும் அதனை நேர்மையின் அளவாக எடுத்துக்கொள்ளும்போதுதான் தீங்கு நேர்கிறது.

இக்குறையைச் சட்டமும் ஓரளவு உணர்ந்திருக்கிறது. பிரிட்டனின் 1974-ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் வழியே, ஒருவர் தம் பதிவோடு 200 சொற்களுக்கு மிகாமல் ஒரு விளக்கம் சேர்க்கலாம். அவ்விளக்கம் இருக்குமிடத்தில், பொறியின் விரைவு சற்றுத் தடைப்பட்டு, ஒரு மனிதர் அதைப் படித்துப் பார்க்கும் நிலை வருகிறது. இருநூறு சொல் சிறிய சாளரம்தான். என்றாலும், எண்களால் ஆன அந்த ஏட்டில் ஒரு மனிதக் குரல் நுழையக்கூடிய இடம் அது. எல்லோருமே துயரக் கதை எழுதிவிட்டால் என் செய்வது என்று கேட்பார் உண்டு. கதையை மட்டும் பார்க்க வேண்டாம். நெருக்கடியில் அவர் நடந்துகொண்ட முறையைப் பார்க்கலாம். முன்கூட்டியே தெரிவித்தாரா, சிறு தொகையேனும் விடாது கட்டினாரா, முகவரி மாற்றி ஒளிந்தாரா என்பவை பொய் சொல்வதில்லை.

கடன்பட்டவருக்கும் கடமை உண்டு. மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் கடை கடையாக ஏறி இறங்கக் கூடாது. ஒவ்வொரு விண்ணப்பமும் பதிவில் ஒரு தடம் விட்டுச் செல்கிறது. வருவாயைக் கூட்டிச் சொல்லக் கூடாது. தம்பியின் பெயரிலோ மைத்துனரின் பெயரிலோ ஒப்பந்தம் எழுதித் தாம் பயன்படுத்த எண்ணக் கூடாது. தவணை தவறினால் கறைபடுவது குற்றமற்றவரின் பெயர். முதலில் தம் பதிவைத் தாமே வாங்கிப் படிக்க வேண்டும். முன்னர் 2 பவுன் கட்டணமிருந்தது. 2018 முதல் இலவசமாகவே பெறலாம். பிழை இருப்பின் திருத்தக் கோரலாம். வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது முகவரிக்குச் சான்றாகும்; அங்கு வாழ அனுமதி பெற்ற இந்தியரும் இலங்கையரும் காமன்வெல்த் குடிமக்கள் என்ற முறையில் அதில் பதிந்துகொள்ளலாம். பழைய கருவியொன்றை ரொக்கத்துக்கு வாங்கி, சிம் அட்டை மட்டும் பெறும் குறுகிய ஒப்பந்தத்தில் தொடங்கி, தவறாது கட்டி வருவது தாழ்வன்று. சிறிய வாக்கைக் காப்பாற்றியவரை நம்பித்தான் பெரிய வாக்கு கொடுக்கப்படும்.

தவறிய தவணையின் குறிப்பு அந்த ஏட்டில் ஆறாண்டுகள் நிற்கும். நிலுவையை அடைத்துவிட்டாலும், ‘அடைக்கப்பட்டது’ என்னும் சொல்லோடு அது நிற்கும். ஆறாண்டு கழிந்ததும் மறைந்துவிடும். ஏடு மறந்துவிட்டதனால் தரவேண்டிய கடன் தீர்ந்ததாகுமா? ஆகாது. நம் ஊர்களில் ஜனாஸாத் தொழுகைக்கு முன், இறந்தவரின் வாரிசு எழுந்து நின்று, அவர் யாருக்கேனும் கடன்பட்டிருந்தால் தம்மிடம் வந்து கேட்குமாறு சொல்வதைக் கண்டிருக்கிறோம். எந்த ஏட்டிலும் இல்லாத கடனுக்கும் அந்த அறிவிப்பில் இடமுண்டு. ஏடு மறந்த பின்னும் தேடிச் சென்று கொடுப்பவரிடமே நாணயம் முழுமை பெறுகிறது. அதைப் பதிந்து மதிப்பெண் கொடுக்க எந்த நிறுவனமும் இல்லை.

இறுதியாக, நம்மையும் நாம் கேட்டுக்கொள்வோம். கணிப்பொறி இரக்கமற்றது என்று குறை கூறுவது எளிது. என்றோ நெருக்கடியில் வாங்கிய கைமாற்றைத் திருப்பித் தர இயலாமற் போன உறவினரை நாம் எத்தனை ஆண்டு நினைவில் வைத்திருக்கிறோம்? அவர் மகளுக்குச் சம்பந்தம் பேசும் வேளையிலும் அதை எடுத்துச் சொல்பவர் நம்மில் இல்லையா? அவர் ஏன் தரவில்லை என்று ஒருநாளேனும் கேட்டோமா? அந்நிய நாட்டுப் பதிவேட்டுக்கு ஆறாண்டில் மறதி உண்டு. அதில் 200 சொற்களுக்கு இடமும் உண்டு. நம் உள்ளத்தில் நாம் எழுதி வைத்திருக்கும் பதிவேட்டில் இவ்விரண்டும் உண்டா?