தூய சக்தியும் பிறர் சுமையும்

நிலக்கரிப் புகையும் எண்ணெய்ப் புகையும் உலகின் வெப்பத்தை ஏற்றி வருகின்றன என்பதை இன்று மறுப்பார் அரியர். ஆகவே காற்றாலைகளும் மின்சார மோட்டார் வண்டிகளும் பெருகவேண்டும் என்பதில் நமக்குச் சிறிதும் ஐயமில்லை. ஆயின், இவற்றுக்கு வேண்டிய மூலப்பொருள் தடையின்றி வந்துசேர வழிதேடும் அறிஞர்கள், அவ்வழியில் குடியிருக்கும் ஜனங்களைப் பற்றியும் எண்ணுகிறார்களா என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் விஷயம்.

மின்சார வண்டிகளுள்ளும் பெரிய காற்றாலைகள் பலவற்றுள்ளும் வலிமைமிக்க காந்தங்கள் இருக்கின்றன. அவற்றைச் செய்ய நியோடிமியம் முதலிய அருமண் உலோகங்கள் வேண்டும். பெயரில் அருமை இருப்பினும் இவை பூமியில் பல இடங்களில் கிடைப்பவையே. தாதுவிலிருந்து பிரித்தெடுப்பதுதான் அரிய வேலை. அவ்வேலையில் ஏறக்குறைய 90 விழுக்காடு சீனாவிடம் இருக்கிறது. 2010-ம் வருஷம் கடலில் நேர்ந்த ஒரு தகராறின்போது ஜப்பானுக்குச் செல்லவேண்டிய சரக்குத் தடைப்பட்டது. ஒரே கடையை நம்பிக் குடித்தனம் செய்பவன் கடை அடைத்த நாளில் படும் பாட்டை, தொழிலில் வல்ல அத்தேசம் பட்டது. உடனே வேறு வழிக்குப் பணம் உதவிற்று. ஆஸ்திரேலியாவில் தோண்டிய தாதுவைப் பகாங் மாநிலத்தில் குவாந்தானை அடுத்த கெபெங்கில் பிரிக்கும் ஆலை 2012-ல் வேலை தொடங்கியது.

ஒரு வழி அடைபட்டால் மறு வழி திறந்திருக்கவேண்டும் என்பது நியாயமே. அதனால் நம் நாட்டில் சிலருக்கு வேலையும் கிடைக்கிறது. ஆனால் அத்தாதுவோடு தோரியம் என்னும் கதிரியக்கப் பொருளும் கலந்து வருகிறது. உலோகம் கப்பலேறுகிறது, கழிவோ இங்கே தங்குகிறது.

இதற்கு முந்திய கதை ஒன்று உண்டு. ஈப்போவுக்கு அருகே புக்கிட் மேராவில், ஈயம் எடுத்தபின் எஞ்சிய மணலிலிருந்து அருமண் பிரிக்கும் ஆலை 1982-ல் நடக்கத் தொடங்கியது. கழிவுக்கு அஞ்சிய ஊரார் 1985-ல் வழக்குத் தொடுத்தனர். 1992-ல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூட உத்தரவிட்டது. 1993-ல் உச்சநீதிமன்றம் அவ்வுத்தரவை நீக்கியது. வழக்கில் வென்றும், ஜனங்களின் எதிர்ப்புத் தணியாதபடியால், 1994-ல் ஆலை மூடப்பட்டது. எந்த அந்நிய அரசும் தடுக்காமலே ஒரு வழி அடைபட்டது. அருகில் வாழ்வோரின் நம்பிக்கையைப் பெறாத தொழில், எத்தனை நாடுகளில் கிளை பரப்பினாலும், உறுதியுடையதாகாது.

“பலருக்கு நன்மை வருமாயின் சிலர் பொறுக்கலாகாதா?” என்று கேட்பார் உளர். தானே அறிந்து முன்வந்து பொறுத்தால் அது தியாகம். ஒருவனைக் கேளாமல் அவன் தலையில் ஏற்றினால் அது அநீதி. தன் வாசலைப் பெருக்கிக் குப்பையை அடுத்த வாசலில் தள்ளுவதைச் சுத்தம் என்று எவரும் சொல்லார்.

தோட்டத்து ஜனங்கள் இதனை எளிதில் உணர்வர். 1942-ல் ஜப்பானியர் மலாயா முதலிய நாடுகளைப் பிடித்தபோது, அமெரிக்காவுக்குச் சென்ற இயற்கை ரப்பரில் ஏறக்குறைய 90 விழுக்காடு நின்றுபோயிற்று. அத்தேசம் செயற்கை ரப்பர் செய்யத் தொடங்கி, 1945-ல் 7 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்தது. அதனைப் பெருஞ்சாதனை என்று சரித்திரம் புகழ்கிறது. அதே வருஷங்களில் இங்கே பால் வெட்டியவனுக்கு என்ன வழி இருந்தது? பல்லாயிரம் தமிழர் சயாம்–பர்மா ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. சரக்கை வாங்குபவனுக்கு மாற்று வழி உண்டு. சரக்கோடு கட்டுண்டவனுக்கு அது இல்லை.

கணக்கெழுதிப் பிழைக்கும் நாம் ஒன்றறிவோம். ஒரு செலவைப் புத்தகத்தில் எழுதாமல் விட்டால் அச்செலவு மறைந்துவிடாது. வேறொருவன் அதைக் கொடுத்துக்கொண்டிருப்பான். ஆதலால் ஆலைக்கு அஸ்திவாரம் போடுமுன்னரே கழிவுக்கு இடமும் அதைக் காப்பதற்குப் பணமும் ஒதுக்கப்படவேண்டும். காற்றிலும் நீரிலும் எடுத்த அளவுகள் ஊராருக்கு அவர்கள் மொழியிலேயே தெரிவிக்கப்படவேண்டும். வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் அவர்களுக்கு இருக்கவேண்டும். இவற்றால் சரக்கின் விலை சற்று உயரலாம். தூய சக்தியை விரும்பும் நாம் அவ்வுயர்வைக் கொடுக்கக் கடமைப்பட்டவர்கள்.