அதே வரிசையில் பதினொரு பாட்டு

ஒருமுறை நிகழ்ந்தது மறுமுறையும் நிகழக் கூடுமா என்ற கேள்வியை, டென்மார்க் தேசத்துத் தத்துவஞானி கீர்க்கெகார்ட் 1843ஆம் ஆண்டில் ஒரு சிறு நூலாகவே எழுதி வெளியிட்டார். புனைபெயரில் வந்த அந்நூலின் நாயகர், முன்னொரு காலத்தில் தமக்கு இன்பம் அளித்த பெர்லின் நகரத்துக்கு மறுபடியும் பிரயாணப்பட்டு, பழைய ஜாகையையும் பழைய நாடகக் கொட்டகையையும் நாடிச் சென்று, எதுவும் பழையபடி இல்லை என்று கண்டு மனம் கசந்து ஊர் திரும்புகிறார். பாட்டுக் குழுக்கள் தங்கள் பழைய ஆல்பத்தின் ஆண்டு நிறைவுக்காக நடத்தும் கச்சேரிக்குப் போகிறவன் எவனும், தானும் ஒரு பெர்லின் பிரயாணத்துக்குத்தான் டிக்கெட் வாங்குகிறானோ என்று ஒரு கணமாவது யோசிப்பது நல்லது.

2019 டிசம்பர் 15ஆம் தேதி இரவு, நவி மும்பையில் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில், அயர்லாந்து தேசத்து யூ2 குழுவினரைக் கேட்கச் சென்றவர்களில் நானும் ஒருவன். கல்லூரி நாட்களில் கேட்டுக் கேட்டு நாடாவே நைந்துபோன ‘தி ஜாஷுவா ட்ரீ’ என்னும் அவர்களுடைய ஆல்பம் 1987 மார்ச் மாதத்தில் வெளிவந்தது. அதன் முப்பதாம் ஆண்டை முன்னிட்டு 2017 மே மாதம் கனடாவின் வான்கூவர் நகரில் தொடங்கிய யாத்திரை, இடையே ஓய்ந்து, மறுபடி எழுந்து, கடைசியாக வந்து நின்ற இடம் மும்பை. அதற்கு முன் இந்தியாவில் அவர்கள் கச்சேரி செய்ததே இல்லையாகையால், நம்மவர்க்கு அது நினைவு விழாவாகவும் முதல் தரிசனமாகவும் ஒருங்கே வாய்த்தது.

இத்தகைய கச்சேரியின் நியமம், ஆல்பத்தில் உள்ள பதினொரு பாட்டையும் உள்ள வரிசைப்படியே, ஒன்றும் விடாமல் பாடுவது. ஜனங்கள் மிகவும் விரும்பும் உருப்படியைக் கடைசிவரை கையில் வைத்திருந்து, அதைப் பாடி அவர்களைக் குளிர்வித்து அனுப்புகிற சாமர்த்தியத்துக்கு இங்கே இடமில்லை. வேடிக்கை என்னவென்றால், அந்த வரிசையை வகுத்தவர்கள் குழுவினரே அல்லர். ஒலிப்பதிவில் பங்குகொண்ட ஸ்டீவ் லில்லிவைட்டின் மனைவியும், தாமே பெயர்பெற்ற பாடகியுமான கர்ஸ்டி மக்கால், முதற்பாட்டும் கடைசிப் பாட்டும் இன்னின்னவை என்று மட்டும் குழுவினர் சொல்லிவிட, மற்றவற்றைத் தமக்குப் பிடித்த முறையில் அடுக்கிக் கொடுத்தார். புகழ்பெற்ற மூன்று பாட்டும் முதலிலேயே வந்துவிட்டன. ஒரு பெண்மணியின் ருசி, முப்பது ஆண்டுக்குப் பின், பாடியவர்களையே கட்டுப்படுத்தும் ஆகம விதியாகிவிட்டதை எண்ணும்போது, நம் சடங்குகளின் வரிசையும் எங்கேனும் யாரோ ஒருவருடைய ருசியிலிருந்துதான் பிறந்ததோ என்ற சந்தேகம் எழுகிறது. எழுந்தால் குற்றமில்லை, விதியின் பெருமை அது பிறந்த இடத்தில் இல்லை, அதற்கு உட்படுகிறவன் தன் சௌகரியத்தை விட்டுக்கொடுப்பதில்தான் இருக்கிறது.

முன்னுரையாகச் சில பாட்டுக்களைப் பாடி முடித்த நால்வரும் பின்னே உள்ள பெருந்திரைக்கு முன் போய் நின்றபோது, 200 அடி அகலத்துக்கு விரிந்த அத்திரை முழுவதும் செக்கச்செவேல் என்று ஒளிர, அவர்கள் கறுத்த நிழலுருவங்களாய்ச் சிறுத்துப் போனார்கள். ஆர்கனின் நீண்ட ஒலி மெல்ல ஏற, அதனூடே கிட்டாரின் துள்ளல் நுழைய, திரையில் கறுப்பு வெள்ளையில் ஒரு பாலைவனச் சாலை ஓடத் தொடங்கியது. மூன்றாம் பாட்டு முடியும் வரையில் கைபேசியைத் தாழ்த்தினவர் எவரையும் நான் காணவில்லை. ஐந்தாம் பாட்டுக்கு மேல் தின்பண்டக் கடைகளின் முன்னே வரிசை நீண்டது. பிரசித்தமான சந்நிதியை மட்டும் சேவித்துவிட்டுப் பிராகாரத்தைச் சுற்றாமல் வெளியேறுகிறவர்கள் எல்லா மதத்திலும் உண்டு போலும்.

இரண்டாம் பாட்டுத்தான் என் விசாரத்துக்கு மூலம். குழுவினர் நால்வரில் மூவர் இளமையில் டப்ளின் நகரத்துக் கிறிஸ்தவ ஜபக்கூட்டம் ஒன்றில் ஈடுபட்டிருந்து, பக்திக்கும் ராக் இசைக்கும் பொருந்துமா என்ற தர்மசங்கடத்தில் பாட்டையே கைவிட எண்ணியவர்கள். அப்படிப்பட்டவர்கள், சிலுவையில் நம்பிக்கை உண்டு என்று பாட்டிலேயே அறிக்கையிட்டுவிட்டு, நான் தேடுவது மட்டும் இன்னும் கிட்டவில்லை என்று முடித்தது விசுவாசிகள் சிலருக்கு ரசிக்கவில்லை. ஆண்டவரை அடைந்தவனுக்குத் தேட இனி என்ன மிச்சம் என்று கேட்டார்கள். கண்டேன் என்று களிப்பதும், அடுத்த பதிகத்திலேயே பிரிவாற்றாத நாயகியாய் நின்று புலம்புவதுமாக ஓர் ஆயிரம் பாடிய நம்மாழ்வாரை அறிந்தவர்களுக்கு இந்தக் கேள்வி எழாது. எனினும் எனக்கு வேறொரு சங்கடம் இருந்தது. இன்னும் கிட்டவில்லை என்று இருபத்தாறு வயது வாலிபன் பாடினால் அது தாகம். அவனே ஐம்பத்தொன்பது வயதில் வந்து, அதே சொற்களை அதே ராகத்தில் பாடினால் அது என்ன? ஒன்று வேஷமாக இருக்க வேண்டும், அல்லது விரதமாக இருக்க வேண்டும். அன்று குழுவின் பாடகர் போனோ அதைப் பாடியபோது, மைதானம் பல்லவியை அவர் வாயிலிருந்து பறித்துக்கொண்டு தானே பாடியது. பாடினவர்களில் பெரும்பாலோர் அது வெளிவந்த பிறகு பிறந்தவர்கள். அவர்களுக்கு நினைவுகூர எதுவும் இல்லை. ஆகவே வேஷம் என்ற அநுமானம் அங்கே நிற்கவில்லை.

நினைவுகூர்தல் பின்னோக்கிப் போவது, மறுபடி செய்தல் முன்னோக்கிப் போவது என்பது கீர்க்கெகார்டின் சித்தாந்தம். பெர்லின் சென்றவர் பழைய இன்பத்தைத் திரும்பக் கேட்டார். முடிந்துபோன ஒன்றைக் கேட்டவருக்கு அது கிடைக்க நியாயமில்லை. முடியாத ஒன்றைத்தான் மறுபடி செய்ய இயலும். இங்கிலாந்தில் 1984இல் நிகழ்ந்த சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தைப் பற்றிய ஆறாம் பாட்டை, 1987 முதல் முப்பது ஆண்டுகளாக அவர்கள் எந்த மேடையிலும் பாடியதில்லை. நிறைவு விழாவின் நியமம் வந்து கழுத்தைப் பிடித்த பிறகே பாடினார்கள். அவர்களிடம் பணிபுரிந்து, 1986இல் டப்ளினில் மோட்டார் சைக்கிள் விபத்தில் இறந்த மவோரி இளைஞர் கிரெக் கேரலுக்காக எழுதிய ஒன்பதாம் பாட்டை, அந்த யாத்திரையில் இரவுக்கு இரவு பாடினார்கள். வருஷந்தோறும் திதி கொடுக்கிறவனை நோக்கி, போன வருஷமே கொடுத்தாயிற்றே என்று யாரும் கேட்பதில்லை.

இதெல்லாம் வியாபாரம் அல்லவா என்று கேட்கலாம். வியாபாரந்தான், டிக்கெட்டின் விலை என்னை உறுத்தாமலும் இல்லை. ஆனால் சிறப்புத் தரிசனச் சீட்டுக்குப் பழகிப்போன நாம் அதைப் பெரிய ஆட்சேபமாக எழுப்புவது அழகன்று. பிற்பாடு ஏ.ஆர். ரஹ்மான் தம் புதல்வியருடன் மேடையேறி, ‘அஹிம்சா’ என்ற பாட்டில் குறளை அங்கே ஒலிக்கச் செய்தது நம்மவர் செவிக்குப் பெருவிருந்து; ஆயினும் அது என் விசாரத்துக்குப் புறம்பு.

ஆல்பத்தின் கடைசிப் பாட்டு, அர்ஜென்டினாவிலும் எல் சல்வடோரிலும் ராணுவத்தார் கொண்டுபோய்த் திரும்பி வராத பிள்ளைகளின் தாய்மாரைப் பற்றியது. போனோ 1986இல் மத்திய அமெரிக்கா சென்று அத்தகைய தாய்மாரைச் சந்தித்து வந்து எழுதியது. கைதட்டலை வேண்டி நிற்கும் பாட்டன்று. தேடுவது கிட்டவில்லை என்று இரண்டாம் பாட்டில் ஒருவன் சொன்னதை, பதினோராம் பாட்டில் இவர்கள் சொல்லும்போது, அதில் தத்துவ விசாரம் ஒன்றுமில்லை. பிள்ளை கிட்டவில்லை, அவ்வளவுதான். கர்ஸ்டி மக்கால் எதை எங்கே மாற்றி வைத்திருந்தாலும், இதைக் கடைசியில் வைக்கவேண்டும் என்று குழுவினர் பிடிவாதம் பிடித்தது சரியே. இந்த ஆல்பத்தை வீட்டில் கேட்கிறவர்கள் மூன்றாம் பாட்டோடு நிறுத்திவிட வேண்டாம். போனஸ் அயர்ஸ் நகரத்து மே சதுக்கத்தில் அந்தத் தாய்மார் 1977இல் தலையில் வெள்ளைத் துணி கட்டிக்கொண்டு சுற்றி நடக்கத் தொடங்கினார்கள். பிரதி வியாழக்கிழமையும் பிற்பகல் மூன்றரை மணிக்கு அந்த நடை இன்றும் நடக்கிறது.