தேய்மானக் கணக்கு

‘இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?’

நூறு வருஷத்துக்கு முந்தைய ஆபரா ரெக்கார்டை முதல்முறை கேட்கிற யாருக்கும் இப்படித்தான் தோன்றும். உங்களுக்கும் தோன்றலாம். எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடிக்கிற மாதிரி ஓயாத சத்தம். நடுவே, தகர டப்பாவுக்குள்ளிருந்து பாடுகிற மாதிரி ஒரு பெண் குரல். பாடுகிறவர் அடெலினா பட்டி. ஐரோப்பாவும் அமெரிக்காவும் தலையில் வைத்துக் கொண்டாடிய பாடகி!

தீர்ப்பு எழுதுவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அந்தக் குரல் பதிவானது 1905-ல், வேல்ஸில் இருந்த அவருடைய மாளிகையில். அப்போது அவருக்கு வயது 62. நியூயார்க்கில் முதல் ஆபராவில் பாடி 46 வருஷம் ஓடிவிட்டது. மைக் கிடையாது. மின்சாரப் பதிவு வந்ததே 1925-ல்தான். ஒரு கூம்புக்குள் பாட வேண்டும். அந்த அதிர்வில் ஊசி அசைந்து மெழுகில் கோடு போடும். குரலுக்கு மினுமினுப்பைத் தருகிற மேல் ஒலிகள் பெரும்பாலும் அதில் ஏறவே ஏறாது.

இதே கூம்பு கரூஸோவுக்கு மட்டும் நல்ல பிள்ளையாக நடந்துகொண்டது. 1902 ஏப்ரலில், மிலான் நகர ஹோட்டல் அறை ஒன்றில் ஒரே மூச்சில் பத்துப் பாட்டு. 29 வயசு டெனர் குரல், மெஷினுக்குப் பொருந்திவிட்டது. அவருக்கு முந்தைய தலைமுறையின் பெரிய டெனர் ழான் டி ரெஸ்கேவுக்கோ, நியூயார்க் அரங்கில் மெழுகு உருளையில் பிடித்த சில மங்கலான துணுக்குகள்தான் மிச்சம். திறமை ஒரு பக்கம். எந்த வயசில், எந்த மெஷின் முன்னால் நின்றோம் என்பது இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்துத்தான் ‘புகழ்’ என்கிறோம்!

பி.காம். படித்தவனுக்குத் தேய்மானம் என்றால் கழிக்கத்தான் தெரியும். இங்கே கூட்ட வேண்டியிருக்கிறது. வயசு தின்றது இவ்வளவு, மெஷின் தின்றது இவ்வளவு என்று சேர்த்துப் பார்ப்பதுதான் நியாயம்.

ஆனால், எவ்வளவு கூட்டுவது? சிக்கலே அங்கேதான். இஷ்டத்துக்குக் கூட்டினால் அதற்குப் பெயர் ரசனை இல்லை சார், பொய்க் கணக்கு. ‘அந்தக் காலம் மாதிரி வருமா!’ என்று கண்ணை மூடித் தலையாட்டுகிறவரும், ஒரு நிமிஷம் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்குகிறவரும் செய்வது ஒரே காரியம்தான். இரண்டு பேருமே காது கொடுத்துக் கேட்கவில்லை.

வவுச்சர் இருக்கிற செலவைத்தான் கணக்கில் எழுதலாம். இங்கேயும் வவுச்சர் உண்டு. மூச்சை எங்கே எடுக்கிறார், ஒரு சொல்லை எங்கே இழுக்கிறார், எங்கே சட்டென்று விடுகிறார்... இதையெல்லாம் எந்தக் கூம்பாலும் மறைக்க முடியாது. வெட்டி ஒட்டுகிற வசதியும் கிடையாது. ஒரே தடவை, முழுசாக! கரகரப்பைத் தாண்டி இதைக் கேளுங்கள். அந்த அம்மாள் யார் என்று புரியும்.

தன் ரெக்கார்டைக் கேட்ட பட்டி, அந்தக் கூம்பை நோக்கி முத்தங்களைப் பறக்கவிட்டாராம். பக்கத்தில் பியானோ வாசித்த லேண்டன் ரொனால்ட் எழுதி வைத்திருக்கிறார். 62 வயசில் அவர் யாரிடமும் சலுகை கேட்கவில்லை.

ஒருவரிடம் மிச்சமிருப்பதை வைத்து அவரை முழுசாக எடை போடும் பழக்கம் நமக்கு ரெக்கார்டோடு நிற்கிறதா என்ன? உங்கள் வீட்டுத் திண்ணையிலும் ஒரு நடுங்கும் குரல் இருக்கலாம். அதற்கு நீங்கள் எவ்வளவு கூட்டினீர்கள்?