பெரியவளின் புகார்



நேற்றுக் காலை ஏழரை மணி. இட்லிக் கொப்பரையில் இரண்டாவது ஈடு வெந்துகொண்டிருந்தது. மகளும் மருமகனும் வேலைக்குக் கிளம்புகிற அவசரத்தில் இருந்தார்கள். ஒன்றரை வயதுப் பேரன் அடுப்படியில் கீழ் அலமாரியைத் திறந்து, டம்ளர்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். ஒரு டம்ளர் உருண்டு போய்ச் சுவரில் முட்டி நிற்கிற வரைக்கும் பார்ப்பான். அப்புறம் அடுத்தது. காது வலிக்கும்தான். ஆனால் சத்தம் கேட்கிற வரைக்கும் பயமில்லை. சத்தம் நின்றால்தான் ஓட வேண்டும். பிள்ளை வளர்த்தவர்களுக்கு இது தெரியும்.

சத்தம் நின்றது. நான் ஓடுவதற்குள் கூடத்திலிருந்து ஓர் அலறல்.

அவன் அக்கா, எங்கள் பெரியவள், எழுந்ததிலிருந்து கூடத்து மூலையில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தாள். தலையணை இரண்டும் சுவர். என் பழைய துண்டு கூரை. உள்ளே, சித்திரைப் பொருட்காட்சியில் வாங்கிய சொப்புச் சாமான்: அடுப்பு, அம்மி, ஆட்டுக்கல், ஒரு சின்னக் குடம். தட்டுகளில் நாலு நாலாகப் பொரி எண்ணி வைத்திருந்தாள். எது யாருடைய தட்டு என்பதுகூட முடிவாகியிருந்தது. எனக்கு மட்டும் மூன்று பொரி. அம்மாச்சிக்குச் சர்க்கரை இருக்கிறதாம். இப்போது அந்த வீட்டின் நடுவில், கூரையைத் தலையில் போட்டுக்கொண்டு, தம்பி உட்கார்ந்திருந்தான். அத்தனை பேர் பொரியும் அவன் வாயில்.

"அம்மாச்சி, இவனைப் பாரு! பூராத்தையும் பிச்சுப் போட்டுட்டான்!"

நான் சொன்னது இதுதான்: "போகுது விடு தாயி. அவன் சின்னப் பிள்ளை. நீதானே பெரியவ."

அவள் பதில் பேசவில்லை. அந்தக் குடத்தை மட்டும் தேடி எடுத்து, பாவாடையில் துடைத்து, மடியில் வைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட வேன் வந்தது, போய்விட்டாள். சொப்பையெல்லாம் பொறுக்கிக் கூடையில் போடும்போதுதான் எனக்கு உறைத்தது: அவள் சொன்ன புகாரை நான் விசாரிக்கவே இல்லை.

எங்கள் மதுரைக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்ரீவில்லிபுத்தூரில் பிறந்த ஆண்டாள், இந்த வழக்கை விசாரித்திருக்கிறாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பதிகம் அதற்கென்றே பாடியது. தெருவில் மணல் வீடு கட்டுகிற சிறுமிகள், அதைக் கலைக்க வருகிற கண்ணன். வெள்ளை மணலைத் தெள்ளியெடுத்து, முதுகு வலிக்க உட்கார்ந்து கட்டியது, கலைக்காதே என்று அந்தப் பிள்ளைகள் மன்றாடுகிறார்கள். அந்த முதுகு வலியை விடாமல் சொல்கிறாளே ஆண்டாள், அங்கேதான் நான் நிற்கிறேன். கட்டினவளுக்குத்தானே வலி தெரியும்!

பின்னால் வந்த பிள்ளைத்தமிழிலும் இது இருக்கிறது. மீனாட்சியம்மைக்குப் பிள்ளைத்தமிழ் பாடிய குமரகுருபரர், வைத்தீசுவரன்கோயில் முத்துக்குமாரசுவாமிக்கும் ஒன்று பாடினார். மீனாட்சிக்குக் கடைசி மூன்று பருவங்கள் அம்மானை, நீராடல், ஊசல். முருகன் ஆண்பிள்ளை, அவனுக்கு எட்டாவது பருவமே சிற்றில்தான், அதாவது சிறுமிகள் கட்டிய சின்ன வீட்டை அவன் சிதைக்க வருகிற பருவம். ஆண்பிள்ளைக்குக் கால் முளைத்தால் யாராவது ஒரு சிறுமியின் வீடு இடியும் என்பதை நம்முடைய புலவர்கள் இலக்கணமாகவே ஆக்கிவிட்டார்கள்!

இதிலெல்லாம் ஒன்றைக் கவனித்தேன். உடைக்கிறவன் சாமி. இருந்தாலும் பேசுகிறவர்கள் வீட்டை இழக்கப் போகிற சிறுமிகள். "விட்டுக் கொடுங்கள், நீங்கள் பெரியவர்கள்" என்று அவர்களை அடக்க எந்தப் பெரிய மனுஷியும் குறுக்கே வரவில்லை.

பேரன் மேல் குற்றம் சொல்ல வரவில்லை. டம்ளரை உருட்டிப் பார்த்த மாதிரிதான் துண்டையும் இழுத்துப் பார்த்தான். இழுத்தால் விழுகிறது, அவ்வளவுதான் அவனுக்குத் தெரிந்தது. அக்காவுடையது, தன்னுடையது என்கிற பாகப்பிரிவினை எல்லாம் அந்த வயதில் பிடிபடாது. அவனுக்குப் புரியாது என்பதற்காக, புரிந்தவளின் வாயை அடைப்பது என்ன நியாயம்?

நானும் மூத்தவள்தான். எனக்குப் பின்னால் மூன்று தம்பிகள். ஏழு வயதில் கடைசித் தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு தெருப் பம்பில் தண்ணீருக்கு நின்றிருக்கிறேன். போகிற வருகிறவர்கள் "பொறுப்பான பிள்ளை" என்பார்கள். இத்தனை வருஷமாக அதைப் பெருமையாகவே சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த வயதில் நான் என்ன விளையாடினேன் என்று நேற்று யோசித்துப் பார்த்தேன். ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

சாயங்காலம் பெரியவள் வந்ததும் என் கட்டிலில் பாதியை ஒழித்துக் கொடுத்தேன். அந்த உயரம் தம்பிக்கு எட்டாது. இன்னும் ஒரு மாதத்துக்காவது எட்டாது. "காலையில வீடு எப்படி இருந்துச்சு, சொல்லு தாயி" என்று கேட்டேன். அடுப்பு ஏன் வாசலைப் பார்த்து இருக்கக் கூடாது என்பதில் தொடங்கி, இருபது நிமிஷம் சொன்னாள். தம்பி கீழே நின்று கட்டில் காலைத் தட்டிக்கொண்டே இருந்தான். அவனுக்கு இரண்டு டம்ளர் கொடுத்தேன். வீடு மறுபடி எழும்பியது. எனக்கு இந்த முறையும் மூன்று பொரிதான்.

இன்றைக்கு உங்கள் வீட்டிலும் மூத்த பிள்ளை இப்படி ஒரு புகாரோடு வரலாம். அடுப்பைக் கொஞ்சம் தணித்து வைத்துவிட்டு, என்ன கட்டினாய் என்று முதலில் கேளுங்கள்.

பெரியவள், பெரியவள் என்கிறோமே, எங்கள் பேத்திக்கு வருகிற ஆவணியில்தான் ஐந்து வயது முடிகிறது.