கணவன் மனைவிக்குள் பத்திரம் எதற்கு?



சென்ற மாதம் ஒருநாள், மாலைச் செபம் முடிந்தபின் தம்பதிகள் இருவர் என்னைத் தேடி வந்தனர். விவாகமாகிப் பதினாறு வருஷம் ஆனவர்கள். கணவர் கையில் ஒரு முத்திரைத்தாள். "சாமி, எங்களுக்குள்ளே ஒரு ஏற்பாடு எழுதிக்கிட்டோம். நீங்க சாட்சிக் கையெழுத்துப் போட்டாப் போதும்" என்றார். மனைவி கதவோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசித்தேன். தகப்பனார் வழியில் அந்த அம்மாளுக்கு வந்த அறுபது சென்ட் நிலத்தை விற்றுக் கணவருடைய வெங்காய வியாபாரக் கடனை அடைப்பது. அதற்கு ஈடாக, குடியிருக்கும் வீட்டில் பாதியைக் கணவர் "பின்னால்" எழுதிக் கொடுப்பது. இவ்வளவுதான் அதன் சாரம்.

நான் பேனாவை எடுக்கவில்லை. அதற்கு ஒரு பழைய காரணம் உண்டு. குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில், இதுபோன்ற தாளொன்றில் யோசியாமல் கையெழுத்திட்டேன். இனிக் குடிப்பதில்லை என்றும், வீட்டில் பாதி மனைவிக்கே என்றும் ஒருவர் எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் சாட்சி, குருவானவரும் சாட்சி. இதற்குமேல் என்ன வேண்டும் என்று நினைத்தேன். மூன்று வருஷம் கழித்து அவர் வீட்டை விற்றார். அந்த அம்மாள் தாளோடு வக்கீலிடம் ஓடினார். பதிவு செய்யாத தாள் வீட்டின்மேல் பாத்தியதை தராது என்று வக்கீல் ஒரே வரியில் சொல்லிவிட்டார். என் அறியாமைக்கு அவர் விலை கொடுத்தார்.

"தேவ சந்நிதியில் வார்த்தைப்பாடு கொடுத்தவர்களுக்குள் பத்திரம் எதற்கு? அது அவநம்பிக்கை அல்லவா?" என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. வெறும் வாய்ச்சொல்லை நம்பித் திருச்சபை எவரையும் மணமுடித்து வைப்பதில்லையே! ஓலை வாசிக்கிறோம்; இரண்டு சாட்சிகளை நிறுத்துகிறோம்; சுயசம்மதமா என்று இருவரையும் கேட்கிறோம்; புத்தகத்தில் எழுதிக் கையெழுத்து வாங்குகிறோம். வருங்காலத்தைப் பற்றிய நிபந்தனையோடு செய்யும் விவாகம் செல்லாது என்பது திருச்சபைச் சட்டம். ஆனால் விவாகமானபின் சொத்தை ஒழுங்குசெய்வது அதில் சேராது. நம் ஊர் முஸ்லிம் சகோதரர்கள் மஹர் தொகையைப் பேசி எழுதித்தான் நிக்காஹ் செய்கிறார்கள். விவாகத்துக்குப் பின்னும் அதைக் கூட்டிக் கொடுக்க அவர்கள் சட்டம் இடந்தருகிறது. அதனால் அவர்கள் வீடுகளில் அன்பு குறைந்ததாக நான் கண்டதில்லை.

தாலி கட்டியதும் வீட்டில் பாதி தனக்குச் சொந்தம் என்று நம் பெண்கள் பலர் எண்ணியிருக்கிறார்கள். கிறிஸ்தவர்களாகிய நமக்குப் பொருந்தும் 1925-ம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டத்தின் 20-ம் பிரிவு அப்படிச் சொல்லவில்லை. விவாகத்தால் ஒருவர் சொத்தில் மற்றவருக்கு உரிமை வருவதில்லை. கணவர் உயில் எழுதாமல் இறந்தால், பிள்ளைகள் இருக்கும்போது மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு. அதுவும் அவர் இறந்தபின்தான். ஆகவே உயிரோடிருக்கையில் கொடுக்க நினைப்பவர் முறைப்படி எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

அந்த முறை என்ன? 1872-ம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் முதலில் கேட்பது இருவருடைய மனம் ஒப்பிய சம்மதம். அடித்தோ, மிரட்டியோ, மறைத்தோ வாங்கிய கையெழுத்தை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். அடுத்தது பிரதிபயன், அதாவது ஒருவர் தருவதற்கு மற்றவரும் ஏதாவது தர வேண்டும். பிரதிபயன் இல்லையென்றால், நெருங்கிய உறவினருக்குள் இயல்பான அன்பினால் எழுதியதாகவும், பதிவு செய்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது 25-ம் பிரிவு. வீடும் நிலமும் தானமாகக் கொடுப்பதானால் இரண்டு சாட்சிகள் கையொப்பமிட்ட பத்திரம் வேண்டும்; எழுதிய நாலு மாதத்துக்குள் சார்பதிவாளரிடம் கொண்டுபோக வேண்டும்; பெறுகிறவர் ஏற்றுக்கொள்ளவும் வேண்டும். நம் ஜனங்கள் தானசெட்டில்மெண்டு என்பது இதைத்தான்.

சட்டப் புத்தகத்தில் அன்பு என்ற வார்த்தை வருவது உங்களுக்கு ஆச்சரியமாயிருக்கும். அந்த ஒரு வார்த்தையால் 1900-ம் வருஷத்தில் கல்கத்தாவில் ஒரு பெண் வழக்குத் தோற்றார். ராஜலக்ஷ்மி தேவி என்பது அவர் பெயர். ஓயாத சச்சரவுக்குப் பின், அவர் தனியே வசிக்கவும் ஜீவனாம்சத்துக்கும் பணம் தருவதாகக் கணவர் பூதநாத் முகர்ஜி எழுதி, பதிவும் செய்துகொடுத்தார். பிறகு தரவில்லை. சச்சரவைப் பற்றிப் பத்திரமே பேசுகிறது, ஆகவே இது அன்பினால் எழுதியதல்ல, பிரதிபயனும் இல்லை, செல்லாது என்று நீதிமன்றம் தீர்த்தது. இந்தத் தீர்ப்பு என்னை உறுத்துகிறது. அன்பு அற்றுப்போனதால்தானே அவருக்குப் பத்திரம் தேவைப்பட்டது! ஆனாலும் நமக்கு இதில் ஒரு பாடம் உண்டு: சமாதானமாயிருக்கும் காலத்திலேயே எழுதிவிடுங்கள்.

வாய்ச்சொல்லின் கதி இன்னும் மோசம். இலங்கையில் நீர்ப்பாசன அதிகாரியாயிருந்த பால்ஃபர் என்ற ஆங்கிலேயர், வைத்தியத்துக்காக இங்கிலாந்தில் தங்கிய தம் மனைவிக்கு மாதம் 30 பவுண்டு தருவதாகச் சொல்லிக் கப்பலேறினார். 1919-ல் அந்த வழக்கு முடிந்தபோது, குடும்பத்துக்குள் பேசிக்கொள்வது ஒப்பந்தமாகாது என்று நீதிபதிகள் கூறிவிட்டனர்.

முறைப்படி எழுதினாலும் நிற்காதவை சில உண்டு. சேர்ந்து வாழும்போதே, "பின்னால் பிரிந்துவிடுவோம்" என்று எழுதுவது செல்லாது. பிள்ளை யாரிடம் வளர வேண்டும் என்பதை நீங்கள் எழுதியிருந்தாலும், பிள்ளையின் நன்மையைப் பார்த்து நீதிமன்றமே தீர்மானிக்கும். "எனக்கு ஜீவனாம்சம் வேண்டாம்" என்று மனைவியிடம் எழுதி வாங்குவதும் அப்படியே. கர்நாடகத்துப் பெண் ஒருவர் 8,000 ரூபாய் பெற்றுக்கொண்டு அவ்வாறு ஒப்புக்கொண்டிருந்தார். அது அவருடைய பிற்கால உரிமையை அடைக்காது என்று உச்ச நீதிமன்றம் 2013-ல் தீர்த்தது. ஆகவே ஊர்க் கூட்டத்தில் பெண்ணை உட்காரவைத்து இப்படி எழுதி வாங்கும் பெரியவர்கள் கவனிக்கவும். வெற்றுத்தாளில் கைநாட்டு வாங்குவதைப் பற்றி நான் பேசவே வேண்டியதில்லை, அது களவு.

அன்று வந்த தம்பதிகளிடம் திரும்புகிறேன். கணவரைச் சற்று வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, "அம்மா, நிலத்தை விற்க உனக்குச் சம்மதமா?" என்று கேட்டேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "என்னை யாரும் கேக்கலைங்க சாமி" என்றார். அடித்தாரா என்றேன், இல்லை என்றார். மறுத்தால் என்ன ஆகும் என்றேன். "வீட்ல சோறு பொங்கினா யாரும் சாப்பிட மாட்டாங்க" என்றார்.

உள்ளே வந்த கணவருக்குக் கோபம். "என் பெண்டாட்டி என்னை நம்பலையா?" என்றார். நம்பிக்கையைப் பற்றி நான் வாதாடவில்லை. அவளுடைய நிலம் இன்றைக்கே போகிறது, உம்முடைய வீடு மட்டும் பின்னால் வருகிறது. முன்னும் பின்னும் மாறினால் உமக்கு என்ன நஷ்டம் என்றுதான் கேட்டேன். முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் கெட்ட மனிதர் அல்லர். கடன்காரர்கள் வாசலில் நின்றால் யாருக்கும் புத்தி தடுமாறும்.

போன செவ்வாய்க்கிழமை இருவரும் மறுபடி வந்தார்கள். வீட்டில் பாதியை மனைவி பேருக்கு தானசெட்டில்மெண்டு எழுதிப் பதிவு செய்தாகிவிட்டது. ரசீதை அந்த அம்மாளே எடுத்துக் காட்டினார். இம்முறை தரையைப் பார்க்கவில்லை. நிலம் என்னவாயிற்று என்று விசாரித்தேன். முழுவதையும் விற்க வேண்டுமா, இருபது சென்ட் போதுமா என்று யோசித்துச் சொல்வதாக இருக்கிறாராம். கணவர் காத்திருக்கிறார்.