குளிர்காலத்துக் கிலோமீட்டர்கள்

ஜனவரி. காலை ஆறு மணி. கனடாவின் ஸ்காபரோவில் மைனஸ் பதினான்கு. சூரியன் வர இன்னும் இரண்டு மணி நேரம் கிடக்கிறது. சப்பாத்து நாடாவை வீட்டுக்குள்ளேயே இறுக்கிக் கட்டிவிட வேண்டும்; வெளியே போய்விட்டால் விரல்கள் சொல் கேட்காது.

முதல் பத்து நிமிடம் உடம்பு இணங்காது. பிறகு மெல்லச் சூடேறும். இறுகிய பனி காலடியில் நறநறக்கும். கழுத்துத் துணியில் மூச்சு உறைந்து மாப் பூசியதுபோல் வெளுத்திருக்கும். இமை முடிகள் ஒன்றோடொன்று ஒட்டும். கையுறையால் ஒற்றிவிட்டு ஓடுவேன்.

மார்க்கம் வீதிப் பஸ் தரிப்பிடத்தில், வேலைக்குப் போகும் முதியவர் ஒருவர் நிற்பார். "இந்தக் குளிருக்க ஏன் தம்பி ஓடுறீர்? கவனம், சறுக்கும்" என்றார் ஒருநாள்.

"மெல்லத்தான் ஓடுறன் ஐயா."

மெல்ல ஓடுவதுதான் இந்த மாதங்களின் வேலை. பக்கத்தில் ஒருவர் கூட வந்தால் முழு வசனமாகக் கதைக்க முடிய வேண்டும். மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று அர்த்தம். இப்படி ஓடும்போது தசைக்குள் நுண்ணிய இரத்தக் குழாய்கள் புதிதாகக் கிளைக்கின்றன. நெஞ்சும் மூச்சும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கு வேண்டும்.

இரண்டு வருடங்களுக்கு முன் இது எனக்கு விளங்கவில்லை. மூச்சு இலகுவாக இருந்ததை நம்பி, மூன்றே வாரத்தில் வாரத்துக்கு 30 கிலோமீட்டரை 55 ஆக்கினேன். கணுக்காலுக்கு மேலே, கணைக்கால் எலும்பில், விரல் பட்டாலே துடிக்கும் ஒரு புள்ளி வந்தது. இரண்டு மாதம் ஓட்டமே இல்லை. இன்றும் வீடு திரும்பிக் காலுறையைக் கழற்றியதும் அந்த இடத்தை அழுத்திப் பார்க்கிறேன்.

நியூசிலாந்தின் ஓட்டப் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்டை அடிக்கடி நினைப்பேன். ஓக்லாந்தில் சப்பாத்துத் தொழில் செய்தவர். 800 மீட்டர் ஓடுகிற பீட்டர் ஸ்னெல்லை வாரம் 160 கிலோமீட்டர் அளவுக்கு ஓடவைத்தார். ஞாயிறுகளில் வைட்டாக்கரே மலைப் பாதையில் 35 கிலோமீட்டர். இரண்டு நிமிடத்துக்குள் முடிகிற ஒரு போட்டிக்காக இத்தனை! 1960இல் ரோம் ஒலிம்பிக்கில் ஸ்னெல் தங்கம் வென்றார். அந்தத் தூரம் எனக்கு எட்டாது. தூரம் முதலில், வேகம் பிறகு என்ற லிடியார்டின் ஒழுங்கை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

மார்ச்சில் ஹமில்டனில் வளைகுடாவைச் சுற்றி 30 கிலோமீட்டர் ஓட்டம். 1894இல் தொடங்கியது, பொஸ்டன் மரதனுக்கு மூன்று வயது மூத்தது. அங்கே போய் நிற்கும்வரை என் கொப்பியில் தூரத்தை மட்டுமே எழுதுகிறேன், நேரத்தை எழுதுவதில்லை.

இந்த வாரம் 44 கிலோமீட்டர். அடுத்த வாரம் 48. அதற்கடுத்த வாரம், கால் எவ்வளவு நன்றாக இருந்தாலும், 36.